கதவுக்கு அழகு பூ வேலையா?

வீடு கட்டுகிறவர்கள் கடைசியில் திண்டாடுவது வாசல் கதவில்தான். சுவருக்கும் தளத்துக்கும் செலவழித்துக் கை வறண்டிருக்கும் நேரம் அது. அப்போதுதான் சொந்தக்காரர்கள், "தலைவாசலுக்குத் தேக்கில் பூ வேலைக் கதவு போட்டால்தான் லட்சணம்" என்பார்கள். உடனே வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். இது வீண் வேலை.

நிற்பது மரம்தான்

கீரனூர் மக்களுக்கு இந்த ஆசை வருவது இயற்கை. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து வந்த தேக்கு அது. நூறு ஆண்டு ஆகியும் பல கதவுகள் உறுதியாக இருக்கின்றன. காரணம் பூ வேலை அல்ல. வைரம் பாய்ந்த மரம்.

இன்று பலர் பூவுக்குப் பணம் கொடுத்து மரத்தில் ஏமாறுகிறார்கள். வெள்ளை விழுந்த பலகை தேக்கே ஆனாலும் கரையான் அரிக்கும். ஈரம் காயாத மரம் சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி மழையில் கதவு உப்பும். தாழ்ப்பாள் விழாது.

தேக்குதான் வேண்டுமா?

இல்லை. நன்றாகக் காய்ந்த வேங்கையும் பலாவும் நெடுநாள் உழைக்கும். இதே மாவட்டத்து ஆலங்குடி வட்டாரம் பலாவுக்குப் பேர் போனது. இரும்புக் கதவும் குற்றமில்லை. ஆனால் மேற்குப் பார்த்த வாசலில் மாலை வெயிலுக்குக் கொதிக்கும். அடியில் தண்ணீர் தேங்கினால் துருப்பிடிக்கும். சாதாரண பிளைவுட் கதவு உள்ளறைக்குப் போதும். மழைச் சாரல் அடிக்கும் வாசலுக்கு ஆகாது.

எந்த மரமானாலும் கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வர்ணம் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் புகுவது அங்கேதான்.

பூட்டு மட்டும் போதாது

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல பூட்டுதான். ஆனால் நிலை சொத்தையாக இருந்தால் ஒரே உதையில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே முதல் பணம் நிலைக்கு, அடுத்தது மரத்துக்கு, பிறகு கீலுக்கும் பூட்டுக்கும். மிச்சம் இருந்தால் பூ வேலை.

வயதான பாட்டி திறந்து மூட முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பகலில் வீட்டில் தனியாக இருப்பது அவர்தானே!

கதவு வீட்டைக் காக்கத்தான். கடன் கொடுத்தவர் வந்து தட்டும் கதவு எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?