பூட்டு உடையவில்லை, சாவி பறிபோகிறது!

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். 2019-ம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை உடைக்கத் திருடன் படாதபாடு பட வேண்டும்.

இப்போது வேறு வகைத் திருடன் கிளம்பியிருக்கிறான். அவன் பூட்டைத் தொடுவதே இல்லை. "ஐயோ, உங்கள் வீட்டில் தீ!" என்று கூச்சல் போடுகிறான். பதறிப்போன வீட்டுக்காரர் தாமே சாவியைக் கொடுத்துவிடுகிறார்!

அலறும் செல்போன்

நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், மல்லிகை விலை என்ன என்று செல்போனில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று திரை சிவக்கிறது. அபாயச் சங்கு அலறுகிறது. "உங்கள் போனில் 5 வைரஸ்! 2 நிமிடத்தில் எல்லாம் அழிந்துவிடும்! உடனே இங்கே தொடுங்கள்!" என்று எழுத்து மின்னுகிறது.

அத்தனையும் பொய்!

திறந்து பார்க்கும் ஓர் இணையப் பக்கத்தால் போன் முழுவதையும் சோதித்து வைரஸ் கண்டுபிடிக்க முடியாது. அந்த எச்சரிக்கை முன்பே எழுதி வைத்தது. யார் வந்தாலும் அதே 5 வைரஸ், அதே 2 நிமிடம்தான்.

பதறித் தொட்டால்தான் வினை. கள்ளச் செயலி போனுக்குள் புகலாம். அல்லது, "இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வரும். பேசினால், "கம்பெனி ஆள்" ஒருவர் இனிக்க இனிக்கப் பேசுவார். தூரத்தில் இருந்தே போனை இயக்க உதவும் செயலியைப் போடச் சொல்வார். அதுதான் சாவி!

76 இடங்களில் சோதனை

2023 அக்டோபரில் சி.பி.ஐ., தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அமேசான், மைக்ரோசாப்ட் கம்பெனிகள் கொடுத்த புகார்களும் அதற்குக் காரணம். கம்ப்யூட்டரில் பொய் எச்சரிக்கை காட்டி, வெளிநாட்டினரிடம் பணம் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இல்லாத நோய்க்கு மருந்து விற்ற கதைதான்!

என்ன செய்வது?

அந்தப் பக்கத்தில் எதையும் தொடாதீர்கள். "மூடு" என்று அதில் இருக்கும் பொத்தானும் வலையாக இருக்கலாம். பிரவுசரையே மூடிவிடுங்கள். முடியவில்லையா? போனை அணைத்துவிடுங்கள். ரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் அதைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. தாமதித்தால் அந்த வழியும் அடைபடும்.

ஆனால், ஏமாந்தவர்கள் பலர் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயம். ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். அந்த மௌனத்தில்தான் திருடன் தப்புகிறான்.

"போனில் ஏதோ சத்தம் வந்ததப்பா" என்று அம்மா சொன்னால், பிள்ளைகள் சீறக் கூடாது. அருகில் உட்கார்ந்து என்னவென்று பார்க்க வேண்டும். அம்மா பயமில்லாமல் சொல்லக்கூடிய வீட்டில் திருடனின் கூச்சல் எடுபடாது.