அளவை குறைந்த குறுந்தகடு

 

நம் பகுதியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லும் எந்தக் குடும்பத்தின் கையிலும் ஒரு கட்டைப்பை இருக்கும். அதில் எக்ஸ்ரே பிலிம்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை எல்லாம் இருக்கும். அவற்றுக்கிடையே, ஸ்கேன் நிலையம் உறையிலிட்டுக் கொடுத்த ஒரு குறுந்தகடும் இருக்கும். அதற்குள் நம் நோயின் உருவம் இருக்கிறது என்று நம்பி, நகையைக் காப்பதுபோல் காத்து எடுத்துச் செல்கிறோம்.

கடந்த மழைக்காலத்தில் அந்த நம்பிக்கை நம் கண்முன்னே உடைந்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் துறைமுகத்தில் சுமை இறக்கியே வாழ்நாளைக் கழித்தவர். விடாத இருமலுக்காக ஒரு தனியார் நிலையத்தில் நெஞ்சுக்குச் சிடி ஸ்கேன் எடுத்தார். அறிக்கையையும் குறுந்தகட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு நுரையீரல் மருத்துவரிடம் சென்றோம். மருத்துவர் கணினியில் தகட்டைப் போட்டார், திறக்கவில்லை. பக்கத்து அறைக் கணினியிலும் போட்டுப் பார்த்தார். பிறகு, "பாய், ரிப்போர்ட் இருக்கு, படம் வரலையே. பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

தகட்டோடு நிலையத்துக்குத் திரும்பினோம். முகப்பிலிருந்த பெண் அதைத் தம் கணினியில் போட்டார். படம் உடனே வந்தது. "எங்க சிஸ்டத்துல ஓப்பன் ஆகுதே, பாய்" என்றார். இரண்டாம் ஸ்கேனுக்கான தொகை ஜமாஅத்தின் நோயாளி உதவி நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவர்மீது நமக்குக் கோபமும் இல்லை. ஆனால் அவர் சொன்ன பதிலை நாம் ஏற்கவில்லை. விற்பவரின் தராசில் மட்டும் சரியாக நிற்கும் எடைக்கல்லைச் சரியான எடைக்கல் என்று எந்தச் சந்தையும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாத் தராசிலும் ஒரே எடை காட்டுவதுதான் எடைக்கல். எழுதிய இடத்தில் மட்டும் திறக்கும் குறுந்தகடு அளவை குறைந்த சரக்கு. அதற்கு முழுக் கட்டணம் வாங்குவது அளவையில் குறை செய்வது. இதைச் சொல்லவே இக்கட்டுரை.

தரநிலை என்பது என்ன என்று இராயபுரத்தாருக்கும் திருவொற்றியூராருக்கும் விளக்க வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் நாள்தோறும் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். கொழும்பில் ஏற்றிய பெட்டியானாலும் சிங்கப்பூரில் ஏற்றிய பெட்டியானாலும் 20 அடி அல்லது 40 அடி நீளம். நான்கு மூலைகளிலும் ஒரே வகைப் பூட்டுத்துளை. எந்தக் கிரேனும் தூக்கும், எந்த டிரெய்லரிலும் பொருந்தும். பெட்டியை அனுப்பியவர் யார் என்று டிரெய்லர் ஓட்டுநர் அறிய வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கியது 1983-ல்.

அதே 1983-ல்தான் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து, மருத்துவப் படங்களுக்கு இத்தகைய பொதுமுறை வேண்டும் என்று குழு அமைத்தன. அதுவரை ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தன் மொழியில் மட்டுமே படத்தை எழுதிவந்தது. 1985-ல் முதல் தரநிலை வெளிவந்தது. 1993-ல் அது டைகாம் என்ற பெயரோடு இன்றைய வடிவைப் பெற்றது. இன்று நம் ஊர்களில் உள்ள சிடி, எம்ஆர்ஐ கருவிகள் டைகாம் முறையிலேயே படத்தைத் தருகின்றன. அத்தரநிலையின் முழு நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே செலவு மிகுதி என்ற சாக்குக்கு இடமே இல்லை. கருவி சரியாகக் கொடுத்ததைத் தகட்டில் இறக்கும் வேளையில்தான் கெடுக்கிறார்கள்.

எப்படிக் கெடுகிறது? டைகாம் குறுந்தகட்டுக்கு வகுத்திருக்கும் விதிகள் எளியவை. தகட்டைத் திறந்தவுடன் முதல் நிலையிலேயே டைகாம்டிர் என்னும் பொருளடக்கக் கோப்பு இருக்க வேண்டும். கோப்புப் பெயர்கள் எட்டு எழுத்துக்கு மிகாமல், ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே கொண்டு அமைய வேண்டும். பொதுப் பயன்பாட்டுக் குறுந்தகட்டில் படங்கள் சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் தகட்டை முறைப்படி மூட வேண்டும். மூடாத தகட்டை வேறு கணினிகள் வெறுந்தகடாகவே காணும்.

நடப்பதோ வேறு. சில தகடுகளில் பொருளடக்கமே இல்லை. சிலவற்றில் படங்கள் அந்நிறுவனத்தின் மென்பொருள் மட்டும் படிக்கும் வடிவில் அடைக்கப்பட்டிருக்கின்றன. படம் பார்க்கும் செயலியைத் தகட்டிலேயே வைத்துவிட்டோம், பிறகென்ன என்று கேட்கிறார்கள். வைரஸ் அச்சத்தால் வெளியாரின் செயலிகளை இயக்க ஆஸ்பத்திரிக் கணினிகள் அனுமதிப்பதில்லை. அது நியாயமான காவல். ஆகவே தகட்டிலுள்ள செயலி உபரிதான். படக்கோப்புகள் முறைப்படி இருந்தால் ஆஸ்பத்திரியின் சொந்த மென்பொருளே அவற்றைத் திறந்துவிடும். இன்னும் சில தகடுகளில் பல நூறு குறுக்குவெட்டுப் படங்களில் பத்திருபதை மட்டும் தேர்ந்து, சாதாரணப் புகைப்படக் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். மக்களுக்குப் படம் தெரிகிறது. அதனால் திருப்தி அடைகிறார்கள். இதுவே எல்லாவற்றிலும் மோசமான குறை.

ஏன் மோசம் என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ஒரு சொல்லில் விளக்கலாம். ஹதீஸ் பாடத்தில் மத்னையும் இஸ்னாதையும் பிரித்துக் கற்பிக்கிறோம். செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும், அதை அறிவித்தவர்களின் தொடர் இல்லையேல் அதை ஆதாரமாகக் கொள்வதில்லை. டைகாம் கோப்பிலும் இவ்விரண்டும் உண்டு. படம் மத்ன் என்றால், அதன் முன்னே எழுதப்பட்டிருக்கும் விவரங்கள் இஸ்னாத். நோயாளி யார், பிறந்த தேதி என்ன, எந்த நாளில் எந்தக் கருவியில் எடுத்தது, வெட்டின் தடிமன் எவ்வளவு, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பவை எல்லாம் அதில் உண்டு. புகைப்படக் கோப்பாக மாற்றியவுடன் இவை அறுந்து போகின்றன. நுரையீரலில் உள்ள முடிச்சு போன ஆண்டு 6 மில்லிமீட்டர், இவ்வாண்டு 9 மில்லிமீட்டர் என்று அளந்து சொல்ல வேண்டிய மருத்துவர், அளவுகோல் இல்லாத படத்தை வைத்து என்ன செய்வார்?

மத்னும் சிதைகிறது. சிடி படத்தில் நீர் 0, காற்று -1000, கெட்டியான எலும்பு 1000-க்கும் மேல் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஒரே படத்தை நுரையீரலுக்கு ஒருவகையாகவும் எலும்புக்கு வேறுவகையாகவும் திருப்பிப் பார்க்க அந்த எண்களே உதவுகின்றன. சாதாரணப் புகைப்படக் கோப்பில் 256 சாம்பல் நிறப்படிகளே மிஞ்சும். பிலிமை வெளிச்சத்தில் பிடித்து அலைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதையும் குறைக்கும்.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. நெஞ்சுக்கான ஒரு சிடி ஸ்கேன், ஓர் எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு கதிர்வீச்சை உடலில் செலுத்துகிறது. நோயறியத் தேவையென்றால் அது முறையானதே. தகடு திறக்கவில்லை என்பதற்காக அதே உடலை மீண்டும் அக்கதிருக்குக் கொடுப்பது எந்த மருத்துவம்? நம் பகுதியின் காற்றையும் எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடியதை மறந்திருக்க மாட்டோம். இத்தகைய ஊரில் ஒருவருடைய நெஞ்சின் பழைய படம், பின்னாளில் வரும் நோயின் தொடக்கத்தைச் சொல்லும் சாட்சி. அச்சாட்சியை ஊமையாக்கும் உரிமையை யாருக்கும் நாம் கொடுக்கவில்லை.

அப்படம் யாருடையது என்பதிலும் ஐயமில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் வெளியிட்டு 2016-ல் திருத்திய மின்னணு உடல்நலப் பதிவேட்டுத் தரநிலைகள், படங்களுக்கு டைகாமையே முறையாகக் குறிக்கின்றன. பதிவேட்டில் உள்ள தகவல் நோயாளிக்கே உரியது. மருத்துவ நிலையம் அதை அவர் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கிறது என்பதும் அவற்றின் நிலைப்பாடு. நம் மொழியில் இதற்கு அமானிதம் என்று பெயர். மீறினால் தண்டிக்கும் சட்டமன்று அது. அதனாலேயே பலர் பொருட்படுத்துவதில்லை. எனினும் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், நோயாளி தம் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்கின்றன. எவராலும் படிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பதிவைக் கொடுத்துவிட்டோம் என்று கூறுவது, உள்ளே எதுவும் இல்லாத உறையைக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டேன் என்பதற்குச் சமம்.

இனி நம்மவர்களிடம் பேசுவோம். ஸ்கேன் நிலையங்களை நடத்துகிறவர்களில் தொழுகையாளிகளான நம் சகோதரர்களும் உண்டு. சகோதரர்களே! மத்யன் நகரத்து வணிகர்களுக்கு ஷுஐப் நபி (அலை) அவர்கள் அனுப்பப்பட்டபோது, இறைவனை வணங்குங்கள் என்பதோடு அவர்கள் அழுத்திச் சொன்னது அளவையையும் நிறுவையையும் நிறைவு செய்யுங்கள் என்பதே. அந்த அளவை மரக்காலோடும் படியோடும் முடிந்துவிட்டதா? மென்பொருள் விற்றவர் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தார் என்கிறீர்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்களிடம் வணிகர் மழையைக் காரணம் காட்டினார். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்றே அவர்கள் கேட்டார்கள். குறை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை மறைத்து விற்றோமா என்பதே கேள்வி. நிலையத்தின் பெயர் பளபளக்க அச்சிட்ட தகட்டை, ஒருமுறை வேறு கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

இப்போது இணைப்பு அனுப்புகிறோமே, தகடு எதற்கு என்கிறார்கள் சிலர். நன்று. ஆனால் சில வாரங்களில் காலாவதியாகும் இணைப்பும், முழுத் தொகுதியைப் பதிவிறக்கவிடாத இணைப்பும் அதே குறைந்த அளவைதான். தகடோ இணைப்போ, முறை டைகாமாகவும் தொகுதி முழுமையாகவும் இருப்பதே முக்கியம்.

பெரிய ஆஸ்பத்திரிகளும் தப்ப முடியாது. தகடு திறக்கவில்லை என்றதும் மறு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுவது எளிது. அனுப்பிய நிலையத்தை அழைத்து, முறையான பிரதி கேட்பது கொஞ்சம் கடினம். ஏழையின் உடலும் பணமும் அந்தக் கொஞ்சத்துக்கு ஈடாகச் செலவாகின்றன.

நம் மீதும் குற்றம் உண்டு. மளிகைக் கடையில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டையிடுகிறோம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கிய தகட்டை உறை பிரிக்காமல் பீரோவில் வைக்கிறோம். இனியாவது பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: "முழுத் தொகுதியும் டைகாம் முறையில் தருவீர்களா?" தகட்டை வாங்கியதும், எழுதிய கணினியை விட்டு வேறொன்றில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடியே, ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்துக்கூட்டலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்துல் காதர் என்ற ஒரே மனிதர் ஆங்கில எழுத்தில் மூன்று நிலையங்களில் மூன்று விதமாகப் பதிவானால், கணினி அவரை மூன்று நோயாளிகளாகவே எண்ணும். பழைய படமும் புதிய படமும் சேரா. தகட்டின்மேல் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு முழுவதையும் பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். தகடு திறக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேர விதியைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

நிறைவாக ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளிகளுக்குத் தரப்படும் ஒவ்வொரு ரூபாயும் எவரோ தம் ஜகாத்தாகவோ ஸதகாவாகவோ தந்தது. ஒரு நிலையத்தின் அலட்சியத்துக்கு அப்பணம் தண்டமாகப் போக வேண்டுமா? நாம் பரிந்துரைத்து அனுப்பும் ஸ்கேன் நிலையங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். முறைப்படி எழுதாத தகட்டால் மறு ஸ்கேன் நேர்ந்தால் அச்செலவு அவர்களுடையது என்றும், சம்மதிக்காத நிலையத்துக்கு நம் நோயாளிகளை அனுப்புவதில்லை என்றும் அதில் தெளிவாகச் சொல்வோம். பத்து ஜமாஅத்துகள் ஒரே சொல்லாகச் சொன்னால் பத்து நாள்களில் தகடுகள் திறக்கத் தொடங்கும்.

அந்தப் பெரியவர் இரண்டாம் ஸ்கேனுக்குப் படுக்கும் முன் நம்மிடம், "போன தடவை எடுத்தது என்ன ஆச்சு, ஹஜ்ரத்?" என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு நாவெழவில்லை. அக்கேள்வி இனி எந்த முதியவர் வாயிலிருந்தும் வராதபடி, அமானிதத்தை அமானிதமாகப் பேணும் நல்லுணர்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.