மூத்த குடிமக்களின் எளிய உடற்பயிற்சிக்கு இடமும் பயிற்றுநரும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், மூத்த குடிமக்கள் நலச் சங்கம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.
நகல்: நகராட்சி ஆணையர், மாவட்டச் சுகாதார அலுவலர்.
பொருள்: நகராட்சிப் பூங்காவைச் சீரமைத்தல், வாரம் மூன்று நாள் முதியோர் பயிற்சி நடத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர்களில் பலருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: எங்கே விழுந்துவிடுவோமோ என்பதே அது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தால், பழையபடி எழுந்து நடப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தப் பயத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்குகிறோம். முடங்க முடங்கத் தசை வலு குறைந்து நடை தள்ளாடுகிறது. எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கிறது.

65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்க வேண்டும், உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளை வாரம் 3 நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியிருக்கிறது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. அசையாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, முடிவில் நாற்காலியில் சாய்ந்து, தோளையும் தாடையையும் தளர்த்தி மெதுவாக மூச்சுவிடுவது ஆகியவையே போதும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கக் கூடாது. அதற்கு மாத்திரை சாப்பிடுபவருக்குச் சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். எனவே விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்பயிற்சிக்கு நாங்கள் கேட்கும் நகராட்சிப் பூங்காவைத் தாங்கள் நேரில் பார்வையிட வேண்டும். இருசக்கர வாகனங்கள் நுழையாதிருக்க வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். இளைஞர்கள் காலைத் தூக்கி வைத்துக் கடந்துவிடுகிறார்கள். வாக்கர் பிடித்து வருபவர் அங்கேயே திரும்ப வேண்டியதுதான். உள்ளே புங்கமர வேர் தூக்கிவிட்ட தரைக்கல்லில் சென்ற மழைக்காலத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. பெண்கள் வராமலிருக்க இது ஒன்றே போதும்.

அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கி.மீ. நடைபாதை நல்ல முயற்சி. எங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியும் இடையிடையே சாய்மான இருக்கைகளும் கொண்ட 200 மீட்டர் சமதளப் பாதை போதும். வாசலைச் சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு மாற்றி, கழிப்பறையை நாள்தோறும் திறந்து வைக்க வேண்டுகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. படுத்தவர்களுக்குக் கிடைக்கும் அந்த உதவி, படுக்காமல் காக்கவும் பயன்பட வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. இயன்முறை மருத்துவர் ஒருவரையோ அரசு மருத்துவமனை யோகா மற்றும் இயற்கை மருத்துவர் ஒருவரையோ வாரம் மூன்று மாலை, ஒரு மணி நேரம் அனுப்ப வேண்டுகிறோம். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை பாட்டிமார்களுடையது. ஆகவே மாலை நேரமே ஏற்றது. மழை நாளில் நகராட்சி சமுதாயக் கூடத்தைக் கட்டணமின்றித் தர வேண்டும். நாற்காலிகளைச் சங்கமே தரும். வருகைப் பதிவேட்டையும் நாங்களே பராமரிப்போம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வாசலையும் தரைக்கற்களையும் சரிசெய்யவும், பயிற்சிக்கு உரிய ஆணை பிறப்பிக்கவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்