"டெக்" என்றால் இளப்பமா?



உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும், "பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்ததா?" என்பதுதான் எல்லார் வாயிலும் வரும் கேள்வி. "இல்லை, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறாள்" என்றால், "ஓ, டெக்கா!" என்று கேட்டவரின் குரல் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகமும் வாடிவிடும். இந்த இளப்பம் சரிதானா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

பொறியியல் என்றதும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் ஆசையோடு சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது பல்கலைக்கழகமாகப் பிறக்கவில்லை. 1893இல் கொழும்பு மருதானையில் அரசாங்கம் ஒரு தொழில்நுட்பப் பாடசாலையைத் திறந்தது. நாட்டின் தொழில்நுட்பக் கல்விக்கு அதுதான் வித்து. 1960இல் கனடாவின் உதவியோடு, மொறட்டுவைக்கு அருகே கட்டுபெத்தையில் செயல்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் எழுந்தது. அங்கே கொடுத்தது பட்டமல்ல, டிப்ளோமாதான். 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பவியல் கல்லூரியாக உயர்ந்தது. 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாயிற்று.

1974இல் திருநெல்வேலியில் தொடங்கிய நமது யாழ்ப்பாண வளாகமும் அதே பல்கலைக்கழகத்தின் பிள்ளைதான். 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தபின் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. மொறட்டுவை 1978 டிசம்பர் 22இலும், யாழ்ப்பாணம் 1979 ஜனவரி 1இலும் அந்தத் தகுதியைப் பெற்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெரிய பெயர் வந்த பிறகும் மொறட்டுவை தன் டிப்ளோமாப் படிப்பைத் தூக்கி எறியவில்லை. 2000ஆம் ஆண்டில் அதற்கென்றே தனி நிறுவகம் அமைத்துக் கொடுத்தது. வேரை வெட்டிவிட்டு மரம் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிறுவனம் ஏறிய அதே படியில் பிள்ளையும் ஏறலாம். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இரத்மலானையில் அமைந்திருக்கிறது. உயர்தரத்தில் தவறியதோடு எல்லாக் கதவும் மூடிவிடுவதில்லை.

ஆகவே, உம்மாமாரே, பிள்ளையைச் சேர்க்குமுன் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். முக்கியமாகப் பெண்பிள்ளை விடயத்தில், "எப்படியும் வீட்டில்தானே இருக்கப் போகிறாள்" என்று ஏதோ ஒரு வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். நேரே போய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த மட்டத்துச் சான்றிதழ்? முடித்தால் என்ன வேலை செய்யலாம்? இதற்கு மேல் எங்கே படிக்கலாம்? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.