பழைய வண்டிக்குப் புதிய யந்திரம்

கோல்ப் என்றவுடன் நம்மவர்களுக்கு உதகமண்டலத்துப் புல்வெளியும், முழங்கால் வரை காலுறை அணிந்த துரைமார்களும், பின்னால் பை சுமந்து நடக்கும் பையன்களும் நினைவுக்கு வருவது வழக்கம். அமெரிக்காவில் அந்தப் பையன்களின் வேலையை ஒரு சிறு வண்டி பறித்துக்கொண்டு வெகு காலமாயிற்று. அவ்வண்டியும் மைதானத்தோடு நில்லாமல் வீதிக்கு வந்துவிட்டது. ஜார்ஜியா மாகாணத்தில் பீச்ட்ரீ ஸிட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே சுமார் 100 மைல் நீளத்துக்கு இவ்வண்டிகளுக்கென்றே தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். வயோதிகர்கள் கறிகாய் வாங்கவும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் இதுவே வாகனம். ஆகவே, இவ்வண்டியின் யந்திரம் நின்றுபோவது விளையாட்டுக்கு நேர்ந்த தடை மட்டும் அன்று. ஒரு குடும்பத்தின் போக்குவரத்தே நின்றுபோவதாகும்.

இவ்வண்டிகளில் பாட்டரியால் ஓடுபவை ஒருவகை. பெட்ரோலால் ஓடுபவை மற்றொரு வகை. நாம் இங்கே எடுத்துக்கொண்டது பின்னதை. இவற்றைச் செய்வதில் பெயர்பெற்ற ஈ-இஸட்-கோ, கிளப் கார் என்ற இரு கம்பெனிகளும் அதே ஜார்ஜியாவில் அகஸ்டா வட்டாரத்தில் உள்ளவை. கிளப் கார் வண்டியின் சட்டம் அலுமினியத்தால் ஆனது, துருப்பிடிக்காது. அதனால் முப்பது வருஷம் ஆன பின்னும் உடம்பு திடமாக இருக்கும். உள்ளே இருக்கும் யந்திரமோ பிஸ்டன் தேய்ந்து, எண்ணெய் குடித்து, புகை கக்கிக்கொண்டிருக்கும். இத்தகைய வண்டிகள் பலவற்றுக்கு யந்திரம் கொடுத்து வந்த ஜப்பானிய ராபின் தொழிற்சாலையின் சொந்தக்காரர்கள் 2017-ம் ஆண்டில் அந்த வியாபாரத்தையே மூடிவிட்டார்கள். உடம்பு இருக்கிறது, உயிர் கொடுத்தவன் கடையைக் கட்டிவிட்டான். வண்டியைத் தூக்கி எறிவதா, வேறு உயிரைப் புகுத்துவதா என்பதே கேள்வி.

புகுத்தலாம் என்பதே நமது கட்சி. 1924-ம் ஆண்டில் காந்தியடிகள், யந்திரங்களைப்பற்றித் தம்மைக் கேட்டவரிடம், தையல் யந்திரத்தை விலக்காக ஒப்புக்கொண்டார். மனிதனுக்கு அடங்கிய யந்திரம் வேறு, மனிதனை அடக்கும் யந்திரம் வேறு என்ற பாகுபாடு அதில் இருந்தது. சொந்தக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில், தன் கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய யந்திரம் முதல் வகையைச் சேர்ந்தது என்று நாம் கருதுகிறோம். செய்தவனே வந்து திறந்தால்தான் திறக்கும் என்று பூட்டி வைத்த சாமான்கள் மலிந்துவிட்ட இந்நாளில், இப்படிப்பட்ட வேலை தெரிந்தவர்கள் குறையாமலிருப்பது எந்தத் தேசத்துக்கும் நன்மையே.

மாற்று யந்திரமாக அங்கே பெரும்பாலும் வாங்குவது பொதுவேலை யந்திரம் ஒன்றை. நம் ஊரில் கான்கிரீட் கலக்கும் இடத்திலும், கடை வாசலில் சிறு ஜெனரேட்டரிலும் படபடவென்று ஓடுவது இவ்வினமே. ஹோண்டா கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஜி.எக்ஸ். வரிசையும், அதைப் பார்த்துச் சீனாவில் செய்யும் மலிவான பிரதிகளும் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. பழைய கிளப் கார் வண்டியில் இருந்த காவஸாகி யந்திரத்தின் கொள்ளளவு 286 கன சென்டிமீட்டர், ஹோண்டா ஜி.எக்ஸ். 390-க்கு 389. அதன் சக்தி நிமிஷத்துக்கு 3,600 சுற்றில் 11.7 குதிரை. பழையதைவிட இது பெரியது என்பதில்தான் ஆசையும் இருக்கிறது, அபாயமும் இருக்கிறது.

யந்திரத்தைப் பீடத்தில் போல்ட் போட்டு இறுக்குவது அரைநாள் வேலை. பொருத்துவாய்களில்தான் நாட்கள் கழியும். முதலில் தண்டு. கோல்ப் வண்டியின் கிளச்சுக் கப்பி, நுனி குறுகிய கூம்புத் தண்டின்மேல் ஏறி உட்காருவது. கடையில் கிடைக்கும் யந்திரத்துக்கோ பெரும்பாலும் 1 அங்குல நேர்த்தண்டுதான் இருக்கும். ஆகையால் கூம்புத் தண்டுள்ள யந்திரத்தைத் தேடி வாங்க வேண்டும்; அல்லது நேர்த்தண்டுக்கு ஏற்ற கிளச்சை வாங்க வேண்டும். சுழலும் திசையையும் பார்த்துக்கொள்ளாவிட்டால், முன்னே போகவேண்டிய வண்டி பின்னே போகும்! அடுத்தபடி பெல்ட். இரண்டு கப்பிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இடையிலுள்ள தூரமும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் பெல்ட் உரைந்து சூடேறிக் கருகிப்போகும். எனவே பழைய யந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்பே அந்தத் தூரத்தை அளந்து சுவரில் எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெட்ரோல் விஷயம் சிறியது. ஆயினும் பலரைத் திகைக்க வைக்கும். பொதுவேலை யந்திரத்தில் தொட்டி தலைக்குமேல் இருக்கும். பெட்ரோல் தானே இறங்கும். வண்டியிலோ தொட்டி தாழ்வாக இருக்கிறது. யந்திரத்தின் உட்காற்றுத் துடிப்பினால் இயங்கும் ஒரு சிறு பம்பு வைத்தால் போதும்.

ஓட்டுகிறவரின் கால் சம்பந்தமாக மற்றொரு விசேஷம் உண்டு. கோல்ப் வண்டி மோட்டார் காரைப்போல் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிராது. மிதிகட்டையை அழுத்தினால் யந்திரம் பிறக்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும். கிளப்பிவிடுவதையும், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவதையும் ஒரே கருவி பெல்ட்டின் மூலம் செய்கிறது. புதிய யந்திரத்தில் அதற்கென ஒரு கப்பியைப் பொருத்தி, காலை எடுத்ததும் தீப்பொறியை நிறுத்தும் சுவிட்சையும் இணைத்தால் பழைய பழக்கம் அப்படியே இருக்கும். இதைச் செய்யச் சோம்பி, கயிற்றை இழுத்துக் கிளப்புகிற வண்டியாகவே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுபது வயதுப் பாட்டியம்மாள் கடைவாசலில் கயிறு இழுப்பது அழகாயிராது.

இனி, கவர்னர். கிண்டியில் வசிக்கும் கவர்னரைச் சொல்லவில்லை; வேகம் எல்லை மீறாதபடி தடுக்கும் கருவிக்கும் அதுதான் பெயர். கிளப் கார் போன்ற வண்டியில் இது பின் அச்சோடு சேர்ந்த பல்சக்கரப் பெட்டிக்குள் உட்கார்ந்து, வண்டி ஓடும் வேகத்தைக் கவனித்துக் கார்புரேட்டரை அடக்குகிறது. பொதுவேலை யந்திரத்திலோ கவர்னர் யந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்து, 3,600 சுற்றுக்குமேல் போகாமல் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்தால், 1919-ம் ஆண்டுச் சீர்திருத்தம் நமக்கு அளித்த இரட்டை ஆட்சிபோல் ஆகிவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆகவே யந்திரத்தின் கவர்னரைப் பிடுங்கி எறிந்துவிடு, வேகமும் கூடும், என்று யோசனை சொல்வோர் உண்டு.

இந்த யோசனையை நாம் வன்மையாக மறுக்கிறோம். வண்டி ஓடும்போது பெல்ட் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களுக்கும் யந்திரத்துக்கும் தொடர்பு போய்விட்டது. அச்சிலுள்ள கவர்னருக்கு ஒன்றும் தெரியாது. பாரம் நீங்கிய யந்திரம் கட்டுக்கடங்காமல் சுழலும். 3,600 சுற்றுக்கென்று செய்த கனெக்டிங் ராட் அப்போது முறிந்து யந்திரத்தின் சுவரைத் துளைக்கக்கூடும். வார்ப்படமான பிளைவீல் சிதறவும் கூடும். அந்த யந்திரத்துக்குமேல் ஒரு பலகையும் மெத்தையும் போட்டுத்தான் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! மிதிகட்டையின் கம்பியை அச்சுக் கவர்னர் வழியாகக் கொண்டுவந்து, யந்திரக் கவர்னரின் நெம்புகோலில் மாட்டினால் இருவரும் உத்தியோகத்தில் இருப்பார்கள். இரட்டை ஆட்சி நல்லதாக அமைவது இந்த ஓர் இடத்தில்தான் போலும்.

வேகத்தைக் கூட்டுவதில் சட்டமும் குறுக்கிடுகிறது. 1998-ம் ஆண்டில் அமெரிக்க மத்திய சர்க்கார் வகுத்த விதியின்படி, மணிக்கு 20 மைலுக்குமேல் 25 மைல் வரை போகக்கூடிய நான்கு சக்கரச் சிறு வண்டி வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதற்கு விளக்கு, கண்ணாடி, இருக்கை வார் எல்லாம் வேண்டும். யந்திரம் எவ்வளவு பெரியது என்று அந்த விதி கேட்கவில்லை. எவ்வளவு வேகம் போகிறது என்றே கேட்கிறது. சட்டத்தை விட்டாலும் பிரேக்கை மறக்கலாகாது. இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு, கதவும் இல்லை. வளைவில் வேகமாகத் திரும்பினால் ஓரத்தில் உட்கார்ந்த குழந்தை வெளியே போய் விழும். மிச்சமிருக்கும் குதிரை சக்தியை மேடு ஏறுவதற்கும் நாலுபேரைச் சுமப்பதற்கும் வைத்துக்கொண்டு, வேகத்தைப் பழைய அளவிலேயே நிறுத்துவதுதான் குடும்பஸ்தனுக்கு ஏற்றது.

புதிய யந்திரம் பெட்டியிலிருந்து வரும்போது அதில் எண்ணெய் இராது. ஊற்றிய பிறகே கிளப்ப வேண்டும். முதல் எண்ணெயை ஒரு மாதத்திலோ 20 மணி நேரம் ஓடியதுமோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். புகைக்குழாயைப் பெட்ரோல் தொட்டிக்கும் மெத்தைக்கும் எட்டாமல் திருப்பிவிட வேண்டும். முதல் வெள்ளோட்டத்தைக் கொட்டகைக்குள் நடத்தாமல் வெளியே தள்ளிக்கொண்டு வந்து நடத்த வேண்டும். மூடிய இடத்தில் பெட்ரோல் புகை வாசனை தெரிவதற்குள் ஆளை மயக்கிவிடும். பின்சக்கரங்கள் தரையில் படாதபடி பலமான முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்து, அவை எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஏறி உட்காரலாம்.