நாயனத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்

வருமான வரி என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! தொடர்கதை எங்கும் ஓடிப் போகாது. கச்சேரிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்களும், தாங்களே மேடை ஏறுகிறவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். இந்த வாரம் அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்தில், கரிசல் காட்டு நடுவே இருக்கிறது பாலவனத்தம். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார்தான். ஜமீன் காலத்தில் வித்வானுக்குச் சால்வையைப் போர்த்திச் சன்மானத்தைக் கையில் கொடுத்தால் தீர்ந்தது விஷயம். இப்போது சன்மானம் பாங்கிக் கணக்குக்கு வருகிறது. சில சமயம் கொஞ்சம் இளைத்து வருகிறது.

அந்த ஊரில் ஒரு நாகஸ்வர வித்வான் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 60 கச்சேரி. கல்யாணம், காதுகுத்து, விருதுநகர் பங்குனிப் பொங்கலையொட்டி நாலைந்து நாள், பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா, இப்படி. சராசரி ரூ.25,000 என்றால் மொத்தம் 15 லட்சம். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் வீட்டுக்காரிக்குத் தெரியும், அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று!

ஒவ்வொரு கச்சேரியிலும் இரண்டாம் நாயனம், தவில் இரண்டு, தாளம், சுருதி ஆகிய ஐந்து பேருக்கும் சேர்த்து ரூ.15,000 பங்கு போகிறது. வருஷத்தில் 9 லட்சம். வேன் வாடகை ஒன்றரை லட்சம். சீவாளி, சாப்பாடு, தங்கல், பழுது பார்த்தது எல்லாம் அரை லட்சம். மிச்சம் 4 லட்சம்.

இந்தச் செலவுகளை எழுதி வைத்திருந்தால் அவர் வருமானம் 4 லட்சம்தான். 2025-26 நிதியாண்டின் புது முறை விகிதப்படி அதற்கு வரி ஒரு காசும் இல்லை. எழுதி வைக்கவில்லையா? முன்பணம் வாங்கியது அவர், பாங்கியில் விழுந்தது அவர் பெயரில். 15 லட்சமும் அவருடையது என்று இலாகா எடுத்துக்கொண்டால் வரி, மேல்வரி சேர்த்து ரூ.1,09,200. தவில்காரருக்குக் கொடுத்த பணத்துக்கு நாயனக்காரர் வரி கட்டுவது என்ன நியாயம்? நியாயம் இல்லைதான். ஆனால் கொடுத்ததைக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

புது முறையில் கழிவே கிடையாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அங்கே இல்லாமல் போனது இன்ஷூரன்ஸ், சேமிப்பு போன்ற சொந்தக் கழிவுகள். தொழிலுக்கென்றே செய்த செலவு இரண்டு முறையிலும் கழியும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் இதுதான் அடிப்படை.

சினிமாக்காரர்கள் பாடு கொஞ்சம் சுகம். 2016-ல் கொண்டு வந்த விதிப்படி, ஐம்பது லட்சத்துக்குள் வரவுள்ள சில தொழில்காரர்கள் பாதியை வருமானம் என்று சொல்லி, மறு பாதிக்கு ரசீதே காட்டாமல் இருக்கலாம். வக்கீல், டாக்டரோடு சினிமாக் கலைஞரும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். கோயில் வாசலில் ஊதுகிற நாயனத்தின் பெயர் அதில் இல்லை. எனக்கு இது அத்தனை சரியாகப் படவில்லை. ஸ்டூடியோவில் வாசித்தால் ஒரு கணக்கு, தேருக்கு முன்னால் வாசித்தால் வேறு கணக்கா?

இனி, எது கழியும்? திருவாவடுதுறையிலிருந்து வாங்குகிற சீவாளி சீக்கிரம் தேய்கிற பொருள்; அந்த வருஷச் செலவு. நரசிங்கம்பேட்டையில் செய்து வாங்கும் நாகஸ்வரம் பல வருஷம் உழைப்பதால், அதன் விலை ஒரேயடியாகக் கழியாது. தேய்மானம் என்று ஆண்டுதோறும் ஒரு பகுதி கழியும்.

துணிமணியில்தான் வில்லங்கம். கரகாட்டக்காரி ஜிகினா உடுப்புடன் கடைத்தெருவுக்குப் போகப் போவதில்லை. அது மேடைக்கே உரியது. வித்வானின் பட்டு வேஷ்டியோ மைத்துனன் கல்யாணத்துக்கும் ஆகும்! இங்கிலாந்தில் ஒரு பெண் வக்கீல், கோர்ட்டுக்கென்று வாங்கிய கறுப்பு உடைக்குக் கழிவு கேட்டார். உடம்பை மூடவும் குளிர் தாங்கவும்கூடத்தானே அம்மா உடை என்று 1983-ல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. ஸ்வீடனிலோ 'அப்பா' என்ற பாட்டுக் குழு (பெயரைப் பாருங்கள்!) கண்ணைப் பறிக்கும் உடைகளில் ஆடியது. தெருவில் உடுத்த முடியாத உடைக்குத்தான் வரிக்கழிவு உண்டு என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று அக்குழுவில் ஒருவர் சொன்னதாக 2014-ல் செய்தி வந்தது. நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. வக்கீல் சாந்தி பூஷண் இருதய ஆபரேஷன் செலவைத் தொழில் செலவாகக் கேட்டார். 2011-ல் டெல்லி ஹைகோர்ட் ஒப்பவில்லை. ஆகவே வித்வானின் பல் வைத்தியத்தை நோட்டில் ஏற்றாதீர்கள். பட்டு வேஷ்டியையும் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

நோட்டுப் புத்தகம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தேதி, ஊர், யார் வீட்டு விசேஷம், வரவு, யாருக்கு எவ்வளவு பங்கு. பங்கு வாங்கியவர் எதிரே ஒரு கையெழுத்து. ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக அந்தச் செலவு கழியாது. அதைப் பாங்கி மூலம் அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, இளைத்து வந்த அந்தப் பணம். கல்யாண வீட்டார் பிடிப்பதில்லை. கம்பெனிகள், வருஷத்தில் ரூ.50,000-க்கு மேல் சன்மானம் போனால் நூற்றுக்குப் பத்து பிடித்துச் சர்க்காருக்குக் கட்டுகின்றன. ரூ.60,000-க்கு ரூ.6,000, பான் எண் கொடுக்காவிட்டால் இரட்டிப்பு. வரி இல்லாதவருக்கு அது திரும்பி வர வேண்டிய பணம். ஆனால் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து கேட்டால்தான் வரும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்று அதுவரை தள்ளிப் போடாமல், வைகாசியிலேயே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, நோட்டுக்குள் வைத்துவிடுங்கள்.