அழகுக்கு மட்டும்தானா பாதுகாப்பு?

அழியும் நிலையில் உள்ள விலங்கு ஒன்றைக் கூறுங்கள் என்றால், மாணவர்கள் பலர் புலி, பாண்டா, ஓராங் ஊத்தான் என்பர். திருக்கை மீன் என்று யாரும் சொல்வதில்லை. அழகும் புகழும் உடைய உயிர்களிடமே நம் இரக்கம் செல்கிறது. இது சரியா?

இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, பிரேசில் நாட்டின் அட்லாண்டிக் காடுகளில் மட்டுமே வாழும் பிடரிமயிர் அசையாக்கரடி. பெயரில் கரடி இருந்தாலும் இது கரடி இனமன்று. மற்றொன்று, மலாக்கா நீரிணை உள்ளிட்ட தென்கிழக்காசியக் கடல்களில் வாழும், முதுகுத் துடுப்பு இல்லாத சிறிய மின்திருக்கை. இவ்விரண்டையும் இயற்கைப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஒன்றியம் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்னும் ஒரே பிரிவில் சேர்த்துள்ளது.

இரண்டுக்கும் இயற்கை தற்காப்பு தந்துள்ளது. அசையாக்கரடி மிக மெதுவாக அசைகிறது. அதன் உரோமத்தில் பாசி வளர்வதால், இலைகளுக்கிடையே எளிதில் கண்ணில் படுவதில்லை. மின்திருக்கையோ மணலில் புதைந்திருந்து, நெருங்கும் எதிரிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறது. இயற்கை எதிரிகளிடமிருந்து தப்ப இவை போதும். ஆனால், மரமே வெட்டப்பட்டால் அசையாக்கரடி எங்கே ஒளியும்? இழுவை வலை கடலடியையே வாரிச் செல்லும்போது மின்னதிர்ச்சி என்ன செய்யும்? மேலும், அசையாக்கரடி ஒரு நேரத்தில் ஒரு குட்டியை மட்டுமே ஈனும். மின்திருக்கையும் முட்டைகளை ஆயிரக்கணக்கில் இடுவதில்லை. சில குட்டிகளையே ஈனும். எனவே, இழந்த எண்ணிக்கையை அவை விரைவில் ஈடுசெய்ய இயலாது.

ஆபத்து ஒன்றாக இருந்தும் நம் கவனம் ஒன்றாக இல்லை. புன்னகைப்பது போன்ற முகத்தால் அசையாக்கரடி பொம்மையாகவும் சட்டைப் படமாகவும் உலகை வலம் வருகிறது. மின்திருக்கையோ மற்ற மீன்களோடு வலையில் சிக்கி, விலைபோகாததால் வீசி எறியப்படுகிறது.

"விலைபோகாத மீனால் நமக்கு என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். ஓர் உயிரின் வாழும் உரிமையை நமக்குக் கிடைக்கும் பயனைக் கொண்டு அளப்பது முறையன்று என்பதே என் கருத்து. பயனையே பார்த்தாலும், மின்திருக்கையை அள்ளும் அதே வலைதான் வளர வேண்டிய மீன்குஞ்சுகளையும் அள்ளுகிறது. ஆகவே, கடலடியைக் காப்பது மீனவர்களின் நாளைய வருமானத்தையும் காப்பதாகும்.

அசையாக்கரடியின் காடு தொலைவில் உள்ளது. மின்திருக்கையின் கடலோ நம் வாசலில் உள்ளது. அடுத்த முறை பள்ளித் திட்டப்பணிக்கு ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, யாரும் தேர்ந்தெடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அறியாத உயிரை யாரும் காக்க முன்வருவதில்லை.